சுரண்டப்பட்ட வருடம்

மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வீட்டைச் சோதனை செய்ய வந்தவள் வாசல் மணியை அழுத்துவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டாள்.

கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

“உள்ள விடுவீங்களா, இல்ல மழை நின்னப்புறம் வரட்டுமா?”

“ஐயோ... வாங்க வாங்க.”

துண்டு ஒன்றை நீட்டினான். மழை வெளிச்சம் அவன் கண்களில் தங்கியிருந்தது. அவள் அவசரமாகக் கூரையைப் பார்த்தாள். அதற்குத்தானே வந்திருக்கிறாள்.

வீட்டை வாங்கப்போகிறவர்கள் அவளை அனுப்பியிருந்தார்கள். ஒரு வீட்டில் எது எத்தனை வருடம் ஓடியது, இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று சொல்வது அவள் தொழில். கூரை நன்றாக இருந்தது. வயரிங் புதிது. அவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

“அம்மாவுக்கு முட்டிவலி. படி ஏற முடியல. அதான் விக்கறோம். மத்தபடி வீட்டு மேல ஒரு குத்தமும் இல்ல.”

“அத நான் சொல்றேன். நீங்க டார்ச்ச நேரா புடிங்க.”

குளியலறையில் வாட்டர் ஹீட்டர். குனிந்து அடித்தகட்டைப் பார்த்தாள். தயாரித்த வருடம் இருக்க வேண்டிய இடத்தில் கீறல்கள். புதுக் கீறல்கள், பளபளவென்று.

“இது யார் வேலை?”

டார்ச் வெளிச்சம் தரைக்கு இறங்கியது.

“அம்மா... கத்தியால. நான் பக்கத்துலதான் இருந்தேன். வேணாம்னு சொல்லல.”

“நீங்க என்ன பண்றீங்க?”

“மருந்துக்கடை.”

“தேதி முடிஞ்ச மாத்திரையும் இப்படித்தான் சுரண்டி விப்பீங்களா?”

அவன் அந்தக் கீறல்களைக் கட்டைவிரலால் தடவினான்.

“பழசா இருக்கறது தப்பில்ல சார். வயசு தெரிஞ்சா வாங்கறவங்க தயாரா இருப்பாங்க. வெலய கொறச்சுக் கேப்பாங்க, இல்ல நல்லாத்தானே ஓடுதுனு விட்டுடுவாங்க. அது அவங்க இஷ்டம். மறைச்சா, ஒழுகற அன்னிக்கு ஹீட்டர திட்ட மாட்டாங்க. உங்களத்தான் திட்டுவாங்க.”

“பதினாறு வருஷம்,” என்றான். “எழுதிக்கங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

எழுதினாள். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு. கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டோமோ...

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றான். “கதவத் தொறந்ததும் முழிச்சேனே... உங்க போட்டோவ அண்ணி போன்ல பாத்திருக்கேன். உங்க அக்கா அனுப்பினது. வர ஞாயித்துக்கிழமை நாம பாக்கறதா இருக்கு.”

பேனா நின்றது. அக்கா சொன்ன மாப்பிள்ளை. மருந்துக்கடை என்று காதில் விழுந்த ஞாபகம். படத்தைக் காட்டியபோது இவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எங்கக்கா என்னல்லாம் சொன்னா?”

“வீட்டுக்கு டாக்டர்னு சொன்னாங்க. கோவக்காரினு சொல்லல.” முதல்முறையாகச் சிரித்தான். “வயசு முப்பத்தொண்ணு... எனக்கு ரெண்டு வருஷம் சின்னவங்கனு.”

அவளுக்கு முகம் சுட்டது. அக்கா போனில் அதைச் சொன்னபோது இவள் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டாள். அடுத்த விரலுக்குப் போனாள்.

“வேலை முடிஞ்சுது. வரேன்.”

“குடையாவது...”

வாங்கவில்லை. காருக்கு ஓடினாள். வைப்பர் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க அவன் தெரிந்தான், மறைந்தான். விரிக்காத குடையோடு வாசலில் நின்றான், தலையைக் குனிந்துகொண்டு.

போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை முடியாது என்று அக்காவைச் சொல்லச் சொன்னால் போதும். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அவன் மட்டும் அந்த ஹீட்டரால்தான் என்று நினைத்துக்கொள்வான். வெகுநாள் நினைப்பான்.

எஞ்சினை அணைத்தாள். மழைக்குள் இறங்கி நடந்தாள்.

“இன்னும் கோவமா?” என்றான். “அந்த ஹீட்டர நானே மாத்தி...”

“ஹீட்டர விடுங்க.”

அவன் குடையை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தான். அவள் அவன் கண்களைப் பார்க்காமல், சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

“உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. அதான் ஓடப் பாத்தேன்.” முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு முப்பத்தொண்ணு இல்ல... முப்பத்தி நாலு. அக்கா சொன்னப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன். வேணாம்னு சொல்லல. இப்ப சொல்லுங்க... ஞாயித்துக்கிழமை நான் வரட்டுமா, வேணாமா?”