கூடத்தில் இறங்கிய திரை

"என் பிள்ளையைக் காணோம்."

வாசற்படி தாண்டி முகத்திரையைத் தூக்கியதும் அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தை அதுதான். குளித்த தலையைத் துவட்டக்கூட இல்லை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி பதறவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "நடந்துகிட்டே சொல்லும்மா" என்றாள்.

ஊருக்கே அவள் அண்ணிதான். பெண்கள் சிறையில் மேற்பார்வையாளராக இருந்தவள். பெண்கள் கூடத்துக்குள் ஆண் போலீஸ் கால் வைக்க முடியாத ஊர் அது. உள்ளே ஒன்று நடந்தால் அவளைத்தான் கூப்பிடவேண்டும். ஆனால் முறைப்படி 'அண்ணி' என்று கூப்பிட உரிமையுள்ளவள் ஒருத்திதான், அவள் கணவரின் தங்கை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பட்டப்பெயர் வாயாடி. லீவு நாளில் அண்ணிக்கு அவள்தான் வால். சொல்லாமலே கிளம்பிவிட்டாள்.

வழியில் அந்தத் தாய் மூச்சிரைக்கச் சொன்னாள். பையனுக்கு ஆறு மாதம். கணவர் பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் அவள் குளிக்கப் போனபோது பையன் கூடத்துத் தொட்டிலில் தூங்கினான். பச்சைக் கரை திரை போட்ட சலவைக்காரம்மா வந்து அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு போனாளாம். வந்து பார்த்தால் தொட்டில் காலி.

"சலவைக்காரம்மாவைப் பிடிச்சு அடைச்சிட்டாங்க. அவங்க வரவே இல்லையாம், காயப்போட்ட திரையை யாரோ எடுத்துட்டாங்கன்னு அழறாங்க. எனக்குத் தெரியும், இது என் கொழுந்தன் வேலை. 'எங்கண்ணன் பிள்ளை எங்க வீட்டுலதான் வளரணும், தூக்கிட்டுப் போயிடுவேன்'னு போன வாரம்தான் கத்திட்டுப் போனார். அவர்தான் வேஷம் போட்டு வந்திருக்கணும்."

"அப்புறமென்ன, ஆள் கிடைச்சாச்சு!" என்றாள் வாயாடி. அண்ணி நடையை எட்டிப் போட்டாள்.

வீட்டு முற்றத்தில் இன்ஸ்பெக்டரும் நாலைந்து போலீஸ்காரர்களும் நின்றார்கள். கொழுந்தன் ஊருக்குப் போகும் இரண்டு சாலைகளிலும் ஆள் போட்டாயிற்றாம். கூடத்தின் வாசலில் தொங்கிய படுதாவுக்கு இப்பால் நின்றுதான் இன்ஸ்பெக்டர் பேசினார்.

அந்த ஊரில் ஒரு பெண் திரையை இறக்காமல் நிற்கக்கூடிய ஆண்கள் நாலே பேர்: அப்பா, கூடப் பிறந்தவன், புருஷன், பெற்ற பிள்ளை. பெண்கள் மட்டும் இருக்கும் கூடத்திலோ திரையைத் தூக்கித் தலைமேல் மடித்துப் போட்டுவிட வேண்டும். மூடியபடி உட்கார்ந்தால், 'எங்களை நம்பலையா?' என்று கேட்டே விடுவார்கள். திரை போடத் தொடங்கும் வயதிலிருந்தே பெண்பிள்ளைகளின் கை இறக்கவும் தூக்கவும் பழகிவிடும்.

கூடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி சமையலம்மா. இன்னொருத்தி அந்தத் தாயின் நாத்தனார், இறந்தவருக்கும் அந்தக் கொழுந்தனுக்கும் அக்கா. பிள்ளையில்லாதவள், பிரசவத்துக்கு உதவ வந்து ஆறு மாதமாக இங்கேயே இருக்கிறாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன.

"ஊருக்கா?" என்றாள் அண்ணி.

"வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லைங்க. சாயங்கால ரயிலுக்குப் போறதா முன்னாடியே முடிவு. இப்படி ஆகும்னு கண்டேனா?"

"காலையில என்ன நடந்துச்சு?"

"நான் இங்கே உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். அவ வந்தா. திரையைத் தூக்கலை, பல்வலின்னு சாடை காட்டினா. நானும் விட்டுட்டேன். தொட்டில் பக்கம் திரும்பியே பார்க்கலைங்க, பாவி நான்!"

சமையலம்மாவும் அதையே சொன்னாள். "அடுப்பங்கரை வாசல்லேருந்து பார்த்தேன். மூட்டையோட பின்பக்கமா போனா. அப்புறம் வந்து பார்த்தா இந்த அம்மாவோட டீ பாதி அப்படியே கிடந்துச்சு."

வாயாடியின் கண் நாத்தனாரின் தலையில் நின்றது. மடித்துப் போட்ட வெள்ளைத் திரையில், நெற்றிக்கு மேலே, பழுப்பாக ஒரு கறை. டீயைக் குடித்தாளா, தலைக்கு ஊற்றிக்கொண்டாளா? சிரிப்பு வந்தது, இடம் அதுவல்ல என்று அடக்கிக்கொண்டாள்.

அப்போது பின்பக்கமிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. அந்தத் தாய் துள்ளி எழுந்தாள்.

"டிரைவர் வீட்டுக் குழந்தைம்மா, உட்காரு" என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "கார் ஷெட் மாடியில. அவ பெத்துப் பத்து நாள்தான் ஆச்சு, படியிறங்கவே இல்லை."

"என் பிள்ளை குரல் மாதிரியே இருக்கு" என்று தாய் குழறினாள். பின்பக்கத்து அழுகை சட்டென்று நின்றது.

வாயாடிக்குள் ஏதோ தட்டியது. அண்ணியை மூலைக்கு இழுத்தாள். "அண்ணி! அந்தக் கறை! திரையைத் தூக்கி மடிச்சா உள்பக்கம்தானே மேலே தெரியும்? உள்பக்கம், வாய் படற இடத்துல டீ! குடிச்சுக்கிட்டிருந்தப்பவே திரையை இறக்கியிருக்காங்க. வந்தது ஆம்பளைன்னு அவங்களுக்குத் தெரியும். கொழுந்தனேதான்!"

"கெட்டிக்காரி" என்றாள் அண்ணி. "ஆனா பாதிக் கணக்குதான் போட்டிருக்கே."

அண்ணி கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். "இன்ஸ்பெக்டர், படுதாகிட்ட வந்து நில்லுங்க. நான் பேசறது உங்க காதுல விழணும்." பிறகு நாத்தனாரிடம் திரும்பினாள். "திரையில டீக் கறை எப்படி வந்துச்சு?"

நாத்தனாரின் கை தலைக்குப் போயிற்று. "போலீஸ் வந்தப்ப... மூடினேன்."

"அவங்க வந்தது ஒரு மணி நேரம் கழிச்சு. அதுவரைக்கும் உதடு ஈரமாவா இருந்துச்சு? பாதி டீயை வச்சுட்டு அவசரமா இழுத்து மூடியிருக்கீங்க. சமையலம்மா மூடலை. ஏன்னா அவங்களைப் பொறுத்தவரை வந்தது ஒரு பொம்பளை. உங்களுக்கு மட்டும் உள்ளே யாருன்னு தெரியும்."

"உங்க தம்பிதானே?" என்று வாயாடி குறுக்கே விழுந்தாள்.

"தம்பின்னா எதுக்கு மூடணும்?" என்றாள் அண்ணி. "கூடப் பிறந்தவன் முன்னால யாராவது திரையை இறக்குவாங்களா? புருஷன் முன்னால இறக்குவாங்களா? வந்தவன் இவங்களுக்கு அன்னியன். இந்த வீட்டுல சொந்தமில்லாத ஆம்பளை ஒரே ஒருத்தர்தான், காரோட்டறவர். பெண்டாட்டி படியிறங்க முடியாது, அதனால அவரே வேஷம் கட்டி, பிள்ளையை மூட்டையில வச்சு ஷெட் மாடிக்குக் கொண்டுபோனார். ரெண்டு சாலையிலயும் தேடறாங்களே, இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடின கதைதான். பத்து நாள் பிள்ளை பூனைக்குட்டி மாதிரி முனகும். இப்ப கேட்டது அப்படியா இருந்துச்சு? ஏற்கெனவே குழந்தை இருக்கற வீட்டுல இன்னொண்ணு அழுதா யார் கவனிக்கப் போறாங்க? சாயங்காலம் காரு ஸ்டேஷனுக்குப் போகும், பெட்டியோட பிள்ளையும் போயிடும்."

படுதாவுக்கு வெளியே பூட்ஸ் சத்தம் ஷெட்டை நோக்கி ஓடியது.

அந்தத் தாய் நாத்தனாரையே பார்த்தாள். "அக்கா?" என்றாள்.

நாத்தனார் உடைந்துபோனாள். "ஆறு மாசமா ராத்திரியெல்லாம் தோள்ல போட்டு நடந்தது நான்தானேம்மா! இன்னைக்கு வெறுங்கையோட எப்படி ரயிலேறுவேன்? நீ சின்னவ, உனக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

வாயாடிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இவ்வளவு துணிஞ்சவங்க, அந்த நேரத்துலயா திரையை நினைச்சீங்க?"

"எங்கே நினைச்சேன்? பார்த்ததும் கை தானா போயிடுச்சு." அந்தக் கையைத் தன்னுடையது அல்லாததுபோல் பார்த்தாள்.

அண்ணி படுதாவுக்கு அப்பால் குரல் கொடுத்தாள்: "சலவைக்காரம்மாவை இப்பவே விடச் சொல்லுங்க. தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லி விடுங்க."

முற்றத்தில் பிள்ளையின் வீறிடல் கேட்டது. தாய் எழுந்து ஓடினாள். தலையிலிருந்து நழுவிய திரையை அவள் கை தேடவே இல்லை. படுதாவைத் தள்ளிக்கொண்டு, வெறும் முகமும் ஈரத்தலையுமாக, அத்தனை ஆண்களுக்கு நடுவே போய் இன்ஸ்பெக்டரின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்தாள்.

இன்ஸ்பெக்டர் திகைத்து முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். போலீஸ்காரர்களும் ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள்.

வாயாடி கீழே கிடந்த திரையை எடுத்துக்கொண்டு ஓடினாள். படுதாவருகே அண்ணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு. பிள்ளை அவ முகத்தைப் பார்க்கட்டும்."

அழுகை மெல்ல அடங்கியது. பையன் ஈர முடியைப் பிடித்து இழுத்தான். வாயாடி திரையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.