கட்டைவிரல் சோதனை

மேசையில் சர்க்கரை சிந்திக் கிடந்தது. ஈ அதைச் சீண்டவில்லை. நேராக வந்து அவருடைய நெஞ்சில் உட்கார்ந்தது.

விரட்டினார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்தது.

தாறுமாறாகத் துடித்த இதயத்துக்குள் தொடை வழியாகக் குழாய் விட்டு, கோளாறான இடத்தைச் சுட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். “உள்ள லேசா சுட்டிருக்கோம் சார். கொஞ்ச நாள் நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கும்” என்றார் டாக்டர். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று இவர் கேட்கவில்லை. அடுத்தவரை விசாரித்தே பழகியவருக்குத் தன்னைப் பற்றி விசாரிக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

உணவு ஆய்வாளராக இருந்தபோது அவர் மூக்கைக் கண்டு ஊரே நடுங்கியது. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். ஓட்டல் சமையலறைக்குள் நுழைந்ததும் இறைச்சியைக் கட்டைவிரலால் அமுக்குவார். பள்ளம் எழும்பினால் சரக்கு நல்லது. எழும்பாவிட்டால், “தூக்கிக் குப்பையில போடு.” கெஞ்சல், கண்ணீர் எதுவும் எடுபடாது.

இப்போது மதிய வெயிலில் ஜன்னல் திரை வெதுவெதுத்துத் தொங்க, மின்விசிறி கிறீச் கிறீச்சென்று அதே சூட்டைக் கிண்டிக்கொண்டிருக்க, அவர் நெஞ்சுக்குள் வெந்நீர்ப் பை புரள்வதுபோல் ஏதோ கனமாகப் புரண்டு, அதன் பின்னாலேயே ஓர் ஏப்பம் ஏறி வந்து, கருகல் நெடியோடு, மின்சாரம் போன கறிக்கடையின் குளிர்பெட்டியைத் திறந்தால் முகத்தில் அறையும் வாடையையும் நாக்கில் தடவிவிட்டுப் போனது.

தெரிந்த வாடை.

“ஏம்மா, இங்க ஏதாவது நாறுதா?”

மனைவி குனிந்து மோந்தாள். ஒரு கணம் அவள் முகம் சுருங்கியது. உடனே சிரித்தாள்.

“ஊரையெல்லாம் மோந்தது போதாதுன்னு இப்ப உங்களையே ஆரம்பிச்சிட்டீங்களா? குளிக்காத வேர்வைங்க அது.”

பவுடர் டப்பாவை எடுத்து அவர் நெஞ்செல்லாம் அப்பினாள். தாராளமாக. மூச்சை அடக்கிக்கொண்டு.

அவர் அதைக் கவனித்துவிட்டார். கெட்ட கறியின் மேல் எலுமிச்சையும் மசாலாவும் அப்பி நீட்டியவர்கள் எத்தனை பேரைப் பிடித்திருப்பார்! அவர்களும் இப்படித்தான் மூச்சை அடக்கிக்கொண்டு சிரிப்பார்கள்.

“டாக்டருக்கு போன் போடு.”

“காலையிலேயே போட்டாச்சு. துடிப்பு சீரா இருந்தா பயமே இல்லையாம். பேசாம படுங்க.” சமையலறைக்குப் போய்விட்டாள்.

கட்டைவிரலை நெஞ்சில் வைத்தார். எந்தக் கடையிலும் தயங்காத விரல். தயங்கியது.

அமுக்கினார். வலிக்கவில்லை. அதுதான் முதல் பயம். மெத்தென்று இறங்கியது. இன்னும் இறங்கியது. நகம் மறைந்தது.

விரலை எடுத்தார். நுனியில் ஈரம். மோந்து பார்க்கவில்லை.

நெஞ்சில் பள்ளம்.

காத்திருந்தார்.

எழும்பவில்லை.

“என்னங்க, துடிப்பு எப்படி இருக்கு?”

பள்ளத்தின் அடியில் தோல் துடித்தது. சீராக. வெகு சீராக.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். குப்பையில் போடச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஈ வந்து பள்ளத்தின் விளிம்பில் இறங்கியது. சாப்பிட உட்காருகிறவனைப்போல் முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டு உள்ளே நடந்தது. பவுடரில் அதன் தடம் உள்நோக்கிப் போனது. திரும்பி வந்த தடம் இல்லை.