ஏறிப் பார்க்காத பரண்

மூன்று வருடங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனபோது பிற்பகல் நான்கு மணி. தச்சரின் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க சார். மேல ஏதோ தட்டுற சத்தம் கேக்குது. மரம் விரிசல் விடுதோ என்னவோ. நீங்களே பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

சுருக்கென்றது.

நான் கட்டடங்களைச் சோதித்துச் சான்று தரும் பொறியாளன். இந்தப் பழைய மரவீட்டை ஆசையாக வாங்கிய தச்சர், பழுதுபார்க்கும் முன் என்னைத்தான் கூப்பிட்டார். சட்டை அழுக்காகுமே என்று பரணில் ஏறாமலே, 'உத்தரங்கள் அனைத்தும் உறுதி' என எழுதிக் கொடுத்தேன். பத்தாம் நாள் ஓர் உத்தரம் முறிந்து அவர் மேல் விழுந்தது. நான் சொல்லியும் கேட்காமல், முட்டுக் கொடுக்காமலே வேலை செய்துவிட்டார் என்று விசாரணையில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவர் மனைவியும்.

"அவரு ஒரு அவசரக்குடுக்கை சார்," என்றபடி ஏணியைச் சாத்தினார். "உங்க பேச்சக் கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு."

ஏறினேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பரணில் பகலிலும் இருட்டு. ஈர மண்ணும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை. டார்ச் வெளிச்சத்தில் வீட்டின் கதையே தெரிந்தது. ஓர் ஆணிகூட இல்லாமல் மரமுளை அடித்து மூட்டிய சட்டங்கள். எந்தத் தூணோடு எந்த உத்தரம் என்று முதலில் கட்டியவர் உளியால் இட்ட கோடுகள். பின்னால் வந்த யாரோ, கூரையை உயர்த்துவதற்காகக் குறுக்குச் சட்டங்களை அறுத்திருந்தார்கள். அன்றிலிருந்து பாரமெல்லாம் உத்தரங்களின் தலையில். முறிந்த உத்தரத்தின் மிச்சம் சுவரில் துருத்திக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன். மாவாக உதிர்ந்தது.

ஏறிப் பார்த்த எவனுக்கும் அன்றே தெரிந்திருக்கும்.

டொக்.

பரணின் கடைக்கோடி இருட்டில் யாரோ மரத்தைத் தட்டினார்கள்.

டொக். டொக்.

ஓடத்தான் நினைத்தேன். வெட்கம் விடவில்லை. தவழ்ந்து போனேன். அங்கிருந்த உத்தரமும் உள்ளுக்குள் உளுத்திருந்தது. பலகை இடுக்கு வழியே பார்த்தேன்.

நேர் கீழே தச்சரின் குழந்தைகளின் படுக்கை.

தட்டல் நின்றது. என் காதருகே ஒரு மூச்சு. அப்போதுதான் இழைத்த மரத்தின் வாசனை.

இறங்கும்போது கால்கள் வெடவெடத்தன. ஏணியோ துளியும் ஆடவில்லை. கீழே அவ்வளவு இறுக்கமான பிடி. தச்சரின் மனைவியை நேருக்கு நேர் பார்க்கத் துணிவில்லாமல், சுவரைப் பார்த்தே சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கு நான் மேல ஏறவே இல்ல. தப்பு என்னோடது. பழிய அவர் மேல போட்டுட்டேன்."



திரும்பினேன். யாருமே இல்லை.

வாசல் பக்கமிருந்து சொம்போடு தச்சரின் மனைவி வந்தார். "அடடா, இறங்கிட்டீங்களா? தண்ணி எடுக்கப் போனேன். ஒரு குரல் குடுத்திருந்தா வந்து பிடிச்சிருப்பேனே!"

மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். இம்முறை அவர் முகத்தைப் பார்த்து. நடந்ததை அப்படியே எழுதித் தருகிறேன் என்றும், குழந்தைகளை இன்றே வேறிடத்தில் படுக்க வையுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் சொம்பை மெல்லத் தரையில் வைத்தார்.

"மூணு வருஷமா அவரத்தான் திட்டிட்டிருந்தேன். புள்ளைங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

தலை தாழ்ந்தது எனக்கு.

பின்னால் ஏணிப்படி ஒன்று முனகியது. அடுத்தது. அதற்கடுத்தது. கீழிருந்து மேலே.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்து ஏறுங்க," என்றார், மெதுவாக.