சேவூர் திருப்பத்தில் எரிந்த கார்

செவ்வாய்க்கிழமை, காலை 6.40.

சேவூர் திருப்பத்தில், நெல் வயலை ஒட்டிய மண்ணில் ஜெயவேலின் கார் நின்றிருந்தது. கார் என்று சொல்ல அதில் அதிகம் மிஞ்சவில்லை. கண்ணாடிகள் வெடித்து உதிர்ந்துவிட்டன. சீட்டுகள் சாம்பல். டயர்கள் எரிந்துபோய், நான்கு இரும்பு ரிம்களும் மண்ணில் பதிந்து நின்றன. ஆரணி போகும் டவுன் பஸ் அங்கே வந்ததும் வேகம் குறைந்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பஸ் போய்விட்டது.

கலையரசி ஸ்கூட்டியை ஓரம் கட்டினாள். அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் போட்ட ஏஜெண்ட் அவள்தான். ஏஜென்சி எடுத்ததும் அவள் போட்ட முதல் பாலிசி அது.

ஜெயவேல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு தறி வைத்து நடத்தும் பட்டு முதலாளி. கலையரசியின் அப்பா பொன்னுசாமி அவர் தறியில் நெய்தவர். அப்பா இறந்த பிறகு மூன்று வருஷம் அவளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியவர் இவர்.

"டிரைவர் எங்கண்ணே?"

"காத்தவராயனா? வேலூருக்குத் தூக்கினு போயிட்டாங்க. ரெண்டு கையும் வெந்துபோச்சு. நான் ஜல்தியாதான் வந்தேன் கலை. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சி."

"உள்ள இன்னா இருந்திச்சி?"

"டிக்கியில ஸ்டெப்னி, ஜாக்கி, மெட்ராஸுக்கு எடுத்துனு போன ஆறு பொடவை. அத்தனையும் எரிஞ்சிபோச்சு."

அவர் கண் கலங்கியது. கலையரசி அவர் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். அப்பா இறந்த அன்றும் அவர் இப்படித்தான், ஒரு வார்த்தை பேசாமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை, காலை 11.00.

எரிந்த காரை போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய விசாரணை அதிகாரி கோபிநாத் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு அவசரப்படாத ஆள். டிக்கியின் மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கினார். ஸ்டெப்னி என்கிற மாற்று டயரை வைக்கிற பள்ளத்தில், வளையம் போல ஒரு இரும்பு டேங்க் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இது இன்னான்னு தெரியுதா?"

"கேஸ் டேங்க்."

"தீ புடிச்சது இதுல இருந்துதான். ஆர்.சி.யில பெட்ரோல் வண்டின்னு மட்டும்தான் இருக்கு. நீங்க அனுப்புன விண்ணப்பத்துல கேஸ் கிட் உண்டான்ற கேள்விக்கு 'இல்லை'ன்னு பதில். கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"வாயால கேட்டீங்களா? இல்ல, நீங்களே 'இல்லை'ன்னு தட்டிவுட்டுட்டீங்களா? பத்துல எட்டு ஏஜெண்ட் கேக்கறதில்லைங்க."

"நான் மிச்சம் ரெண்டுல ஒருத்தி சார். சொந்த உபயோகமா வாடகைக்கா, போன வருஷம் கிளெய்ம் வாங்குனாரா, கேஸ் கிட் உண்டா, ஒவ்வொண்ணும் கேட்டேன். எதுக்கு எவ்ளோ ஏறும், எதுக்கு எவ்ளோ கொறையும்னும் சொன்னேன். கிளெய்ம் வாங்கலைன்னாரு, விசாரிச்சேன், நெஜம். அதுக்குண்டான தள்ளுபடி குடுத்தேன்."

"கேஸ் கிட் இருக்குன்னு சொல்லியிருந்தா எவ்ளோ ஏறியிருக்கும்?"

"ஆயிரம் ரூபா கூட வராது. ஆனா மொதல்ல ஆர்.சி.யில ஏத்தணும். அதுக்கு அனுமதி வாங்குன கடையில போட்டதா சர்டிபிகேட் வேணும்."

"இது எந்தக் கடையிலயும் போட்டதில்ல. யாரோ மெக்கானிக்கோட கைவேலை." கோபிநாத் கையைத் துடைத்துக்கொண்டார். "ஓனர் எழுதிக் குடுத்துட்டாரு. எனக்குத் தெரியாம டிரைவர் போட்டுட்டான், பெட்ரோல் காசை அமுக்கிகினு இருந்திருக்கான்னு. அது நெஜம்னா, கேள்விக்கு அவர் சொன்ன பதில்ல தப்பில்ல. கிளெய்ம் பத்தி கம்பெனி யோசிக்கும். டிரைவர் மேல போலீஸ் கேஸ். ஆஸ்பத்திரியில இருந்து நேரா உள்ள போவான்."

"பொய்யா இருந்தா?"

"கிளெய்ம் கெடையாது. கேஸ் ஓனர் மேல திரும்பும். மூணாவதா ஒண்ணு இருக்கு. நீங்க கேக்காமலே போட்டிருந்தீங்கன்னா உங்க ஏஜென்சி போச்சு. நேர்ல பாத்துதான் போட்டீங்களா?"

கலையரசி போனைத் திறந்து காட்டினாள். பாலிசி போடும்போது கம்பெனி ஆப்பில் ஏற்றுவதற்கு ஜெயவேலை அவர் வீட்டிலேயே வைத்து எடுத்த படம். ஆடிப்பெருக்கு அன்று. தறிக்கு முன்னால் வேட்டி சட்டையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் பாதி நெய்த மாம்பழ நிறப் புடவை, பாவுக் கயிறு, அதில் தொங்கும் கறுத்த பாரம்.

கோபிநாத் ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு சாயந்திரம் ரிப்போர்ட் அனுப்பணும்."

மாலை 4.30.

வேலூர் ஆஸ்பத்திரியில் காத்தவராயன் இரண்டு கையிலும் கட்டோடு படுத்திருந்தான். அவன் மனைவி பானுப்ரியா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கலையரசியைப் பார்த்ததும் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"மொதலாளி அனுப்புனாரா? அவரு பொடவைய எடுக்கத்தான் இவரு தீயில கைய விட்டாரு. கையெழுத்து போடக் கையக்கூட மிச்சம் வெக்கல. இன்னும் இன்னா வோணுமாம்?"

"யாரும் அனுப்பல. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." கலையரசி கட்டிலின் பக்கம் திரும்பினாள். "கேஸ் கிட் நீங்க போட்டீங்களா?"

"இல்லைங்க. நான் வரும்போதே இருந்திச்சி. மொதலாளிதான் பெட்ரோல்ல இருந்து கேஸுக்கு சுவிட்ச எப்படி மாத்தறதுன்னு காட்டிக்குடுத்தாரு."

"எப்ப வேலைக்கு வந்தீங்க?"

"இந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். அதுக்கு மின்ன அவரே ஓட்டிகினு இருந்தாரு."

"ஸ்டெப்னி?"

"அந்த வண்டியில ஸ்டெப்னியே கெடையாதுங்க. பஞ்சர் ஆனா போன் பண்ணு, ஆள் அனுப்பறேன்னாரு."

"அவரு எழுதிக் குடுத்துட்டாரும்மா," என்றாள் பானுப்ரியா. "இவரு சொல்றத யாரு எழுதிக்கப் போறாங்க?"

கலையரசி ஸ்பூனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஆரணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். காத்தவராயன் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் மனம் ஆசைப்பட்டது. அந்த ஆசையைக் கண்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஸ்டெப்னியை அவன் விற்றுத் தின்றிருக்கலாம். மாட்டிக்கொண்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். ஆனால் அண்ணன் வரப்பில் உட்கார்ந்து சொன்னது வேறு. ஸ்டெப்னி டிக்கியில் எரிந்துபோனது என்றார். ரப்பர் எரியும். இரும்பு ரிம் எங்கே போகும்? சேவூர் திருப்பத்தில் அவள் பார்த்தது நான்கு ரிம்தான். ஸ்டெப்னி உட்கார வேண்டிய பள்ளத்தில் டேங்க் இருந்தது.

கண்ணமங்கலம் தாண்டும்வரை அவள் போனைத் தொடவில்லை. பிறகு எடுத்தாள். ஆடிப்பெருக்குப் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் விரித்தாள்.

வியாழக்கிழமை, காலை 8.15.

ஜெயவேல் வீட்டு முன்கூடத்தில் தறியில் ஆள் இல்லை. தறியின் நீளவாட்டு நூலான பாவு தளராமல் நிற்க, அதன் கடைசியைக் கயிற்றில் கட்டி, கயிற்றை உத்தரத்தில் போட்டு, நுனியில் பாரம் தொங்கவிட்டிருந்தார்கள். மற்ற வீடுகளில் கல்லோ மணல் மூட்டையோ தொங்கும். இங்கே தொங்கியது ஒரு டயர், ரிம்மோடு. இந்த வீட்டுக்கு வந்தபோதெல்லாம் கலையரசி அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறாள். தறியில் எது தொங்கினாலும் அது தறிச் சாமான். ஆரணியில் பிறந்த யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

"வா கலை. அந்த ஆபீசர் இன்னா சொல்றான்? பேஜாரா பூடுச்சி எனக்கு."

கலையரசி டயரின் பக்கத்தில் குனிந்தாள். தெருவில் ஒரு நாளும் ஓடாத டயர். அச்சில் இருந்து வந்த ரப்பர் மயிர்கூட உதிரவில்லை.

"இது எந்த வண்டியோடதுண்ணே?"

"ஏதோ பழசு."

"பழசு இல்ல. எரிஞ்ச ரிம்ல நாலு போல்ட் ஓட்டை, இதுலயும் நாலு. அதுல அடிச்சிருக்கற கம்பெனி முத்திரையும் இதுல இருக்கு. இப்பதான் ஸ்டேஷன்ல பாத்துட்டு வரேன். இது நம்ம காரோட ஸ்டெப்னி."

ஜெயவேல் டயரைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அப்பிடியா சங்கதி! டேங்க் வெக்க எடம் வோணும்ல, அவன்தான் இதைக் கழட்டியிருப்பான். கழட்டி இங்க கொண்டாந்து மாட்டிட்டான் பாரேன். இருக்கற வேலையில நான் எங்க இதையெல்லாம் கவனிக்கறது?"

"டேங்க் வெக்கத்தான் கழட்டினது. நிச்சயமா?"

"வேற எதுக்கு?"

அவர் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அதை நம்புவதற்கு ஒரு வழி தேடியிருப்பாள். போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு நான் எடுத்த படம். நீங்க சிரிச்சிகினு உக்காந்திருக்கீங்க. உங்க தோளுக்குப் பின்னாடி பாருங்க."

அவர் பார்த்தார்.

"டயர் அன்னிக்கே இங்க தொங்குது. அப்போ டேங்க் அன்னிக்கே டிக்கியில இருக்கு. காத்தவராயன் வேலைக்கு வந்தது அதுக்கப்புறம் வந்த விநாயகர் சதுர்த்தி முடிஞ்சி. அவன் இந்த வீட்டு வாசலை மிதிக்கறதுக்கு முன்னாடியே நீங்க கேஸ்ல ஓட்டிகினு இருந்தீங்க. இந்தப் படம் எடுத்த கையோடதான் நான் கேட்டேன், கேஸ் கிட் உண்டாண்ணேன்னு. இல்லம்மான்னு சொன்னீங்க. இந்த டயர் உங்க முதுகுல இடிச்சிகினு இருந்திச்சி."

ஜெயவேல் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. சரக்குக்கு விலை பேசும்போது இருக்கிற முகம்.

"மெட்ராஸுக்கு வாரத்துல ரெண்டு நடை. பெட்ரோல் விக்கற வெலைக்கு யாரால முடியும்? இருக்குன்னு சொன்னா ஆர்.டி.ஓ. ஆபீசு, சர்டிபிகேட்டுன்னு அலையணும். ஒரு சின்னப் பதில். ஊர்ல எவன் நெஜத்த எழுதறான்?"

"அதுக்காக அவன உள்ள தள்ளுவீங்களா? தீயில கைய விட்டவன்ணே அவன்."

"அவனுக்கு நான் பாத்துக் குடுக்கறேன். நீ அந்தப் படத்த அழிச்சிடு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இல்லைன்னா நான் வேற மாதிரி சொல்ல வேண்டியிருக்கும் கலை. அந்தப் பொண்ணு எதையும் கேக்கவே இல்ல, அதுவே எழுதிக்கிச்சுன்னு. யார நம்புவாங்க? நேத்து ஏஜென்சி எடுத்தவளயா, என்னையா?"

மூன்று வருஷ ஃபீஸ் கட்டிய கைதான் தறிக்கட்டையின் மேல் இருந்தது. கலையரசி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன எங்க வூட்டுப் பொண்ணாத்தான் நெனச்சேன்," என்றார் ஜெயவேல்.

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன். வேற யாரா இருந்தாலும் டிக்கியத் தெறந்து காட்டுங்கன்னு கேட்டிருப்பேன்."

அவள் ஆடிப்பெருக்குப் படத்தைக் கோபிநாத்துக்கு அனுப்பிவிட்டு, அவருக்குப் போன் போட்டாள். "சார், கலையரசி பேசறேன். படத்த அனுப்பிட்டேன். ஜெயவேல் வீட்டுக்கு வாங்க. ஸ்டெப்னி இங்க இருக்கு. நீங்க வர்ற வரைக்கும் நானும் இங்கயே இருக்கேன்."

பிறகு சுவரோரம் உட்கார்ந்தாள். ஜெயவேலும் எழுந்து போகவில்லை.

"கலை, இட்லி எடுத்து வெச்சிட்டேன், சாப்டுட்டுப் போ," என்று அவர் மனைவியின் குரல் உள்ளே இருந்து வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை வந்தது.