மூச்சு முத்திரை

ஏழாம் கிணற்றின் குழாயடியில் நின்று தாவூது பாய் சான்றிக்குள் ஊதினார். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது.

"என்ன பாய், காலையிலயே பூண்டுக் கொழம்பா?" என்றாள் நறுமுகை.

"நேத்து வச்ச பிரியாணியையே மன்னிச்சு விட்ட மிஷினு தங்கச்சி இது. இன்னிக்கு என்ன கோவமோ."

சான்றி என்பது பானை அளவுள்ள உலோக உருண்டை. காவிரிப் படுகையின் ஒவ்வொரு எண்ணெய்க் கிணற்றின் தலைமாட்டிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கிணற்றிலிருந்து வரும் எண்ணெய், வாயு, உப்புநீர் எல்லாவற்றையும் புட்டியில் பிடித்து அதற்குள் வைத்தால், பிரித்துப் பார்த்து அந்தக் கணமே அரசின் ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சொல்லிவிடும். மாதிரி எடுத்தவர் அதன் மூக்கில் ஊதி முத்திரை இட வேண்டும். கைரேகையைப் போல மூச்சும் ஆளுக்கு ஆள் வேறு; அதையும் சான்றி பிரித்துப் பார்க்கும்.

அது வருவதற்கு முன்னால், பக்கத்துக் கிணற்றில் பிடித்த எண்ணெயையே பல புட்டிகளில் பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கிணற்றின் பெயரை ஒட்டி அனுப்புவது வழக்கம். வெயிலில் யார் நடப்பது? இப்போது நடந்துதான் ஆகவேண்டும். வாய்க்காலில் எண்ணெய்ப் படலம் மிதந்து வெகுகாலமாகிறது. நெற்கதிர் பால் பிடிக்கிறது. அந்த உருண்டையைப் பார்க்கும்போதெல்லாம் நறுமுகைக்கு, பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றவளின் பெருமை வரும். அவள் அந்தக் களத்தின் சோதனை அதிகாரி. சான்றி சொல்வதைச் சரிபார்த்து உறுதி செய்வது அவள் வேலை.

திரையில் 'புதிய கசிவிடம்' என்று எழுத்து ஓடியது. அன்று காலைதான் ஆணையம் கசிவு வரம்பை இன்னும் குறைத்திருந்தது.

அவள் சோப்புத் தண்ணீரைக் கரைத்துக் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் தடவினாள். எங்கேயும் குமிழி எழவில்லை. சோப்பு நீர்த்துப் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. கெட்டியாகக் கரைத்து மறுபடி தடவினாள். அப்போதும் இல்லை. பிறகு, முந்தின நாள்தான் வேலையில் சேர்ந்த அந்தோணியைக் கூப்பிட்டு ஊதச் சொன்னாள். பச்சை. பாய் ஊதினார். சிவப்பு.

இந்தமுறை திரையை அவள் கடைசிவரை படித்தாள். சுற்றியிருக்கும் காற்றில் உள்ளதைக் கழித்தபின்பும் பாயின் மூச்சில் கிணற்று ஆவி இருந்தது. அதுவும் ஏழாம் கிணற்றினுடையது மட்டுமல்ல. இந்தக் களத்தில் அவர் குழாய் திறந்த அத்தனை கிணறுகளின் ஆவியும் அவர் நெஞ்சில் படிந்து, மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு கிணற்றைக்கூட அவர் ஏமாற்றவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அவர் இருமலுக்கு நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லிப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுவன மருத்துவர் ஒவ்வொரு முறையும் இருமல் மருந்து கொடுத்து, வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மேலாளர் சிவநேசன் கைபேசியில் வந்தார். "மனுஷன் எப்படிம்மா கசிவிடமாவான்? கருவிக் கோளாறுன்னு போட்டு விடு. நாளையிலேர்ந்து வேற ஆளு ஊதட்டும்."

"பாய் என்ன சார் பண்ணுவாரு?"

"ஒப்பந்த ஆளுதானே? வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்."

அந்த ரெஸ்டுக்குச் சம்பளம் கிடையாது. மருந்தும் கிடையாது.

நறுமுகை மாலை வகுப்பில் எண்ணெய், வாயுக் கிணறுகளுக்கான சட்டம் படிப்பவள். தனக்குப் புரிந்ததா என்று நம்பிக்கையில்லாமல் ஒவ்வொரு விதியையும் மறுபடி மறுபடி படித்ததில் எல்லாம் மனப்பாடமே ஆகிவிட்டிருந்தது. 'எவ்விடத்திலிருந்து கிணற்று ஆவி வரம்புக்கு மேல் வெளியேறினாலும் அது கசிவிடம். உரிமதாரர் அதன் பயன்பாட்டை உடனே நிறுத்தித் தன் செலவில் சீராக்க வேண்டும். சீராகும்வரை நாள்தோறும் இழப்பீடு தர வேண்டும்.' அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்த இடம் இரும்பாலானதாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. தான் எதையோ விட்டுவிட்டோமோ என்று இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தாள். இல்லைதான்.

"பாய், உறுதி பண்ணட்டுமா? உங்க பேரு கிணத்துப் பட்டியல்ல ஏறிடும்."

"ஏறட்டும் தங்கச்சி. சிமென்ட் ஊத்தி மட்டும் அடைச்சிராதீங்க. வீட்ல தேடுவா."

அவள் பொத்தானை அழுத்தினாள். சான்றி யாரையும் கேட்கவில்லை. ஆணை தானாகவே கிளம்பிப் போயிற்று. வெயில் உச்சிக்கு வருமுன் தஞ்சாவூரிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவரும் வந்தார். கசிவிடம் என்பதால் சட்டப்படி காவலுக்கு ஓர் ஆளும் கூடவே இருந்தார்.

"மனுஷனா இருந்து இத்தினி வருஷமா கேட்டேன்," என்று படுக்கையிலிருந்தே சிரித்தார் பாய். "கிணறா ஆனதும் வண்டி அனுப்பறானுவ பாரு!"

வண்டி போனபின் நறுமுகை அந்த உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் சுட்டது. கையை எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஏழாம் கிணற்றின் முன் வரிசை நின்றது. குழாய் பற்றவைப்பவர், தண்ணீர் லாரி ஓட்டுநர், பெருக்குகிற அம்மா என்று எல்லோரும் ஊதினார்கள். சிவப்பு விழுந்தவரைச் சுற்றி நின்று கைகுலுக்கினார்கள். பச்சை விழுந்தவர் தலை குனிந்து நகர்ந்தார்.

"இன்னொரு தடவ ஊதறேன், நல்லா இழுத்து," என்று மன்றாடினார் லாரி ஓட்டுநர்.

"ஏன்யா, உனக்கு நெஞ்சு நல்லா இருக்குன்னுதானே சொல்லுது?" என்று கேட்டான் அந்தோணி.

"நல்லா இருந்து என்னடா பண்ண? நல்லா இருக்கறவனை இங்க எவன் கேக்கறான்?"

சிவப்பு விழுந்தவர்களைச் சட்டப்படி வேலையிலிருந்து நிறுத்தியதில், வெயில் தாழ்வதற்குள் குழாய் திறக்க ஆள் போதவில்லை. கொஞ்சமும் கசியாத கிணறுகள் சும்மா நின்றன.

மேலாளரின் கார் வந்து நின்றது. சான்றியைப் பிடுங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். சிவநேசன் இறங்கினார். இளவயதில் அவரும் துளைப்பு மேடையில் நின்றவர்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கடைசி ஆளு யாருப்பா?" என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றாள் நறுமுகை. அவர் அவள் பின்னால் போய் நின்றார்.

வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. வேலைக்கு வந்த நாள்முதல் பச்சை விளக்குக்காகவே வேண்டிக்கொண்டவள் அவள். இன்று எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், மூச்சை இழுத்துப் பிடித்தபடி வெகுநேரம் சான்றியின் முன் நின்றாள்.