முதலைக்கு முன்னால் மூன்று பலகைகள்

சஹானாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பஸ் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் நான்கு முறை இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் மதியத்துக்குக் கட்டிக் கொடுத்த புளிசாதத்தில் பாதியைக் காலி செய்துவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருடம் எல்லோரும் முதலைப் பண்ணைக்குப் போன அன்று அவளுக்கு மட்டும் அம்மை போட்டிருந்தது. போய்வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? வருடம் முழுக்க முதலைக் கதைதான். "வாய் இத்தாம் பெருசு!" என்று பிரிசில்லா கையை விரிக்கும்போதெல்லாம் சஹானாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

இது ஐந்தாம் வகுப்பு. இந்தச் சுற்றுலாவை விட்டால் அடுத்த வருடம் வேறு பள்ளிக்கூடம். அங்கே கூட்டிப் போவார்களோ மாட்டார்களோ, யார் கண்டது?

மாமல்லபுரத்தில் இறங்கியதும் சியாமளா டீச்சர் குண்டைத் தூக்கிப் போட்டார். அவர் இந்த வருடம்தான் புதிதாக வந்தவர்.

"மூணு இடம் பார்க்கப் போறோம். ஒவ்வொரு இடத்துலயும் நீலப் பலகை இருக்கும். அதுல இருக்கறதை ஒரு வரி விடாம நோட்டுல எழுதணும். முப்பத்தாறு நோட்டும் என் கைக்கு வந்தாத்தான் அங்கேருந்து நகருவோம். அப்புறம்தான் முதலைப் பண்ணை. உயரப்படி வரிசையில நில்லுங்க!"

உயரப்படி வரிசை என்றால் குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். வகுப்பிலேயே குட்டை சஹானாதான். அதனால் பலகைக்கு நேர் எதிரே நின்றாள். கடகடவென்று எழுதி முடித்து, முதல் ஆளாக நோட்டை நீட்டினாள். பிறகு ஒற்றைக் காலில் நின்றாள். மறு காலில் நின்றாள். முதல் இடமான அர்ச்சுனன் தபசுப் பாறையில் செதுக்கியிருந்த யானைக்குட்டிகளை மூன்று முறை எண்ணினாள். வரிசை நகரவில்லை.

"யாரு இன்னும் கொடுக்கலை?"

"ஆல்வின், டீச்சர்!"

ஆல்வின் வகுப்பிலேயே நெட்டை. கடைசியில் நின்றுகொண்டு, எட்டிப் பார்ப்பதும் பக்கத்தில் இருப்பவனைக் கேட்பதுமாக இருந்தான். அவன் முடித்தபோது மணி பன்னிரண்டரை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து ரதங்கள். அங்கேயும் முப்பத்தைந்து நோட்டுகள் வந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை.

"ஆமை ஆல்வின்! சீக்கிரம்டா!" என்று கத்தினாள் சஹானா. பெயர் நன்றாக இருக்கவே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய பேனா முன்னைவிட மெதுவாகப் போனது.

கடற்கரைக் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலேகால். ஓட்டுநர் சடையப்பன் பின்னாலேயே வந்தார்.

"டீச்சர், அஞ்சரைக்கு முதலைப் பண்ணை கேட்டை மூடிடுவாங்கோ. டைம் ஆயிகினு கீது. அப்பால என்னைக் கேக்கக் கூடாது, சொல்ட்டேன்."

"பலகை எழுதாம யாரும் வர முடியாது" என்றார் டீச்சர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

சஹானா பலகையை மேலும் கீழும் பார்த்தாள். இருந்த பலகைகளிலேயே இதுதான் பெரியது. ஆல்வின் எழுதி முடிப்பதற்குள் முதலைகளெல்லாம் தூங்கப் போய்விடும்! கோபம் பொத்துக்கொண்டு வர, வரிசையை விட்டு விலகிப் பின்னால் ஓடினாள்.

"இன்னாடா பண்ற? எழுதேன்!"

ஆல்வின் சட்டென்று நோட்டை மூடினான். அதற்குள் சஹானா பார்த்துவிட்டாள். தலைப்பு மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் வெறும் கோடு.

"ஏன் எழுதல?"

ஆல்வின் கண்ணை இடுக்கிப் பலகையைப் பார்த்தான். "தலைப்பு பெருசா கீது, தெரிஞ்சிது. மத்ததெல்லாம் வெள்ள வெள்ளையா கோடு கணக்காத்தான் தெரியுது."

"கிளாஸ்ல எப்படி எழுதுற?"

"பக்கத்துல உக்கார்ற சின்னையன் நோட்டைப் பாத்து. அவன்தான் இன்னிக்கு வரலையே. இங்க யாரும் காட்ட மாட்றாங்க."

"டீச்சர் கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மூணாவதுல சொன்னேன். முதல் பெஞ்சுல உக்கார வெச்சாங்க. 'மறைக்குது, மறைக்குது'ன்னு பின்னாடி இருக்கறவங்க எல்லாம் கத்துனாங்க. முதுகுல பேப்பர் உருண்டை வந்து விழும். அதான் தெரியுதுன்னு பொய் சொல்லிட்டு மறுபடி கடைசி பெஞ்சுக்கே போய்ட்டேன்." ஆல்வின் குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்டயும் சொல்லாத, சஹானா."

சஹானாவுக்குச் சுருக்கென்றது. ஆமை என்று பெயர் வைத்தது அவள்தானே.

அவனுடைய நோட்டைப் பிடுங்கித் தானே எழுதிவிடலாமா? டீச்சர் கையெழுத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். தன் நோட்டைப் பார்த்து எழுதச் சொல்லலாம் என்றால், அவளே இன்னும் எழுதவில்லை; அவள் முடித்து அவன் எழுதுவதற்குள் பண்ணையை மூடிவிடுவார்கள். முன்னால் நின்று சத்தமாகப் படிக்கலாமா? அடிக்கிற கடல்காற்றில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. டீச்சரிடம் சொல்லிவிடலாமா? சொல்லாதே என்கிறானே!

மணி நான்கரை. சஹானா நகத்தைக் கடித்தாள். முன்னால் குட்டை, பின்னால் நெட்டை. ஏன், குட்டையானவர்கள் பின்னால் நின்றால் என்ன? நெட்டையானவர்கள் உட்கார்ந்துவிட்டால் மறைக்கவா போகிறது?

டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர், நெட்டையா இருக்கறவங்கள்லாம் முன்னாடி புல்லுல உக்காந்துக்கட்டும். நாங்க பின்னாடி நின்னுக்கறோம்."

"எதுக்கு?"

உண்மையைச் சொல்ல முடியாது. பொய்யும் வாயில் வரவில்லை. "முன்னாடி நின்னு நின்னு போரடிக்குது டீச்சர். அவங்களுக்குக் கால் வலிக்கும். எனக்குத்தான் கால் சும்மாவே இருக்காதே" என்றாள். அத்தனையும் உண்மைதான்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மாத்தி நில்லுங்க. சீக்கிரம்!"

நெட்டையானவர்கள் 'அப்பாடா' என்று புல்லில் காலை நீட்டினார்கள். ஆல்வின் பலகைக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தான். அண்ணாந்து பார்த்தான். ஒரு நிமிடம் அப்படியே இருந்தான். பிறகு எழுத ஆரம்பித்தான் பாருங்கள், பேனா நிற்கவே இல்லை!

முதலில் வந்த நோட்டு ஆல்வினுடையது.

டீச்சர் நோட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். ஆல்வினின் கண்களைப் பார்த்தார். அவருக்கா புரியாது? அவனைத் தனியே கூப்பிட்டு, "திங்கட்கிழமை அம்மாவை வரச் சொல்லுப்பா. கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு நான் பேசறேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் வேறு தலைவலி. பின்னால் நின்ற சஹானாவின் கால்கள் சும்மா இல்லாததால் அவள் நோட்டில் ஒரு வரி விடுபட்டுப் போயிருந்தது. கடைசி நோட்டு அவளுடையது! "ஆமை சஹானா!" என்று பிரிசில்லா கத்த, சஹானா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

சடையப்பன் வண்டியை விரட்டினார். பண்ணையின் வாசலில் அவர்கள் இறங்கியபோது மணி ஐந்து பத்து. "இருபது நிமிஷம்தான்" என்றார் காவலாளி. முப்பத்தாறு பேரும் ஒரே ஓட்டமாக ஓடினார்கள்.

சஹானா போய்ச் சேர்வதற்குள் முதலைக் குளத்தின் சுவரோரம் முழுக்க நெட்டையான முதுகுகள். அவள் குதித்தாள். எக்கினாள். ஒரு வாலின் நுனிகூடத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்து முதுகுகளைத்தானா பார்க்க வேண்டும்?

ஆல்வின் திரும்பிப் பார்த்தான். ஓர் அடி பின்னால் நகர்ந்து, அவளை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினான். "நீ இங்க நில்லு. நீ எனக்கு மறைக்க மாட்ட."

சஹானா கீழே பார்த்தாள். அப்பா! ஒன்றா இரண்டா? கரை முழுவதும், தண்ணீர் முழுவதும், ஒன்றின் மேல் ஒன்றாக!

"எங்க கீது?" என்று ஆல்வின் காதருகே கேட்டான். "போன வருஷமும் எல்லாரும் 'அதோ, அதோ'ன்னாங்க. நானும் 'ஆமா, ஆமா'ன்னு சொல்லிட்டேன். எனக்குக் கல்லுதான் தெரிஞ்சிது."

"அந்தக் கல்லெல்லாம் முதலைதான்டா! அதோ, நமக்கு நேர் கீழ, தண்ணி ஓரமா பெரிய கல்லு தெரியுதா? அது தலை. அதுலேருந்து இந்தப் பக்கம் வா. இது வாலு."

ஆல்வின் கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தான்.

அப்போது அந்தப் பெரிய கல் மெல்ல அசைந்தது. இரண்டாகப் பிளந்தது. உள்ளே மஞ்சளாக ஒரு குகையும், அதைச் சுற்றிக் கூர் கூராகப் பற்களும்!

"ஐயோ!" என்று முப்பத்து நான்கு பேர் பின்னால் துள்ளினார்கள். சஹானா சுவரை விட்டு அசையவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்தவனும் அசையவில்லை.

"சஹானா!" என்று பண்ணையே அதிரக் கூவினான் ஆல்வின். "எனக்குத் தெரியுது! பல்லுகூட தெரியுது!"