இருபத்தேழாம் அறையின் டிக்

இருபத்தேழாம் அறை வாசலில் கிடந்த செருப்பில் ஒட்டடை படிந்திருந்தது. வார்டன் அக்காவின் ரிஜிஸ்டரிலோ, அந்த அறைக்கு நேராக, மூன்று வாரமாக ஒரு நாள் விடாமல் டிக்.

"இந்த ரூம் பொண்ணைக் கடைசியா எப்பக்கா பாத்தீங்க?" என்று கேட்டாள் மாணவிகளுக்கான மனநல கவுன்சிலர்.

"எங்க பாக்கறது? கதவைத் தட்டுவேன், குரல் வரும், டிக் போடுவேன். வச்ச தட்டும் காலியாத்தான் வெளிய வருது மேடம்."

தொற்றுக் காலத்தில் மாணவிகளைத் தனித்தனி அறையில் அடைத்தபோது வந்த ஏற்பாடு அது. தொற்று போய் இரண்டு வருஷமாகியும், கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி அந்தப் பழக்கம் மட்டும் பல்கலைக்கழக விடுதியில் தங்கிவிட்டது. கவுன்சிலருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மூன்று வாரம் முன்பு இந்தப் பெண், 'முடியவில்லை மேடம், பேச வேண்டும்' என்று ஒரே வரி எழுதியிருந்தாள். நேரம் கொடுத்தும் வரவில்லை. அதுதான் தினமும் டிக் விழுகிறதே என்று கவுன்சிலரும் ஃபைலை மூடிவிட்டாள். போனில் மகள் 'நல்லா இருக்கேன்' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை என்று இன்று அந்தப் பெண்ணின் தாய் அழுத பிறகுதான் மாடியேறி வந்திருக்கிறாள்.

தட்டினாள்.

"நல்லா இருக்கேன்."

மாலை வெயில் தாழ்வாரத்தின் கோடியில் மஞ்சளாகத் தேங்கியிருக்க, எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்க, கதவிடுக்கிலிருந்து காயாத துணியின் வாடை கசிய, கட்டில் கிறீச்சிடாமல், காலடி ஓசை இல்லாமல், கதவை ஒட்டி, அவள் காதுக்கு நேராக வந்தது அந்தக் குரல்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

"கொஞ்சம் கதவைத் திறம்மா."

"நல்லா இருக்கேன்."

"நான்தான் சொன்னேனே! இந்தாங்க, மாத்துச் சாவி. மத்த ரூமை முடிச்சிட்டு வந்துடறேன்" என்று வார்டன் நகர்ந்தார்.

பூட்டுத் துளையில் சாவி இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை திரும்பியது. உள்ளே இருட்டு. ஜன்னலை மறைத்து ஒரு போர்வை. இரண்டடி வைத்ததும் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மூலையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து. ஆனால் உயிரோடு. கவுன்சிலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லா இருக்கேன்."

பெண்ணின் உதடு அசையவில்லை.

குரல் கவுன்சிலரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கதவருகிலிருந்து.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். சத்தமே இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை. இல்லை. இல்லை.

வெளியே யாரோ தட்டினார்கள்.

"மேடம்? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" வார்டன்தான்.

கதவைத் திறங்க அக்கா! தொண்டை கிழிய அலறினாள் கவுன்சிலர். ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. மறுபடி அலறினாள். காற்றுதான் வந்தது.

கதவருகே, இருட்டிலிருந்து, அவளுடைய குரலே நிதானமாகப் பதில் சொன்னது.

"ஒண்ணுமில்லக்கா. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். நீங்க போங்க."

பேனா கீறும் ஓசை. காலடிகள் படியிறங்கின.

மூலையில் அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதபடியே சற்று நகர்ந்து, சுவரோரம் இவளுக்கு இடம் விட்டாள்.